முதுமைக்கு ஒரு களஞ்சியம்

செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்தைக் காணாத அங்கத்தினர் நம்மிடையே அரியர். முற்றுகை வந்தபின் களஞ்சியம் கட்டுவார் இல்லை. முதுமையும் ஒரு முற்றுகையே. கண் மங்கினால் தறி நிற்கும், உடல் தளர்ந்தால் ஏர் நிற்கும், பசி நிற்பதில்லை.

நெசவாளருக்கும் உழவருக்கும் மாதச் சம்பளக்காரரைப் போல் ஓய்வூதியம் இல்லை. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம் இக்குறையை ஓரளவு நீக்குகிறது. 18 முதல் 40 வயது வரையுள்ள, வருமான வரி செலுத்தாதோர் வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வாயிலாக இதிற் சேரலாம். 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் செலுத்தினால் போதும். 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாய் செலுத்த வேண்டும். கூட்டிப் பார்த்தால் முன்னவர் 42 ஆண்டுகளில் கட்டுவது 1,05,840 ரூபாய். பின்னவர் 20 ஆண்டுகளிற் கட்டுவதோ 3,48,960 ரூபாய். பயன் ஒன்றே. வட்டி வளரக் காலம் அளித்தவர்க்குச் சுமை குறைகிறது.

தவணையை மாதந்தோறும் கட்டலாம். அரையாண்டுக்கு ஒருமுறையும் கட்டலாம். முன்னது கூலி பெறும் நெசவாளருக்கும், பின்னது நெல்லும் மணிலாவும் விற்றுப் பணம் காணும் உழவருக்கும் ஏற்றது.

எனினும், விலைவாசி ஏற ஏற 5,000 ரூபாயின் மதிப்புக் குறையும். ஆதலின் இதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. வயது வரம்பற்ற பொதுச் சேமநிதியில் ஆண்டுக்கு 500 ரூபாய் முதற்கொண்டு 15 ஆண்டுகள் சேர்க்கலாம். நாற்பதைக் கடந்தோர்க்கும் அவ்வழி திறந்தேயுள்ளது.

விதைநெல்லை ஒதுக்கிய பின்னரே உண்பது நம் மரபு. வருவாயிலும் அம்முறையையே அங்கத்தினர் கைக்கொள்ள வேண்டுகிறோம்.