கால்நடைக்கு ரண சிகிச்சை: நிபுணரிடம் செல்லத் தாமதிக்கலாகாது

மாட்டுக்கு நோய் கண்டால் முதலில் வீட்டு மருந்து, அடுத்துப் பக்கத்துக் கிராமத்து மாட்டு வைத்தியர், அதன்பின் சர்க்கார் கால்நடை மருந்தகம் என்று போவது குடியானவர்களின் வழக்கமாக இருந்து வருகிறது. மருந்தகத்து மருத்துவர் பரிசோதித்து, "இது மருந்தினால் தீரக்கூடியதன்று; ரண சிகிச்சை நிபுணரிடம் உடனே கொண்டுபோக வேண்டும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அதை மாட்டின் சாவோலையாகவே பலர் எண்ணிவிடுகின்றனர். மாடு கொட்டகைக்கே திரும்புகிறது. விலாவில் சூடு போடப்படுகிறது, எண்ணெய் புகட்டப்படுகிறது. நாலைந்து நாள் சென்று, மாடு எழுந்திருக்கமாட்டாமற் கிடக்கும்போதுதான் வண்டி தேடப்படுகிறது. அவ்விதம் கொண்டுசெல்லப்பட்ட மாடு இறந்துபோனால், "கத்தி வைத்ததனால் செத்தது" என்னும் பேச்சு ஊரெங்கும் பரவி, அடுத்த குடியானவரையும் தடுத்துவிடுகிறது. மாட்டைக் கொன்றது கத்தியா, கழிந்துபோன நாட்களா என்பதை நிலக்காரர்கள் தீர யோசிக்கவேண்டும்.

கம்பி விழுங்கிய பசுவின் சங்கதி இதற்குத் தக்க உதாரணமாகும். ஆடு உதட்டினால் பொறுக்கித் தின்னும். மாடோ நாக்கினால் தீனியைச் சுருட்டி இழுத்து, நன்றாய் மெல்லாமலே விழுங்கி, பிற்பாடு அசைபோடும். ஆகையால் வைக்கோலிலோ தவிட்டிலோ கலந்து கிடக்கும் ஆணியும் கம்பியும் தீனியோடு உள்ளே போய்விடுகின்றன. கட்டடவேலை நடந்த இடத்தில் சிதறிய கட்டுக்கம்பித் துண்டுகளே இவற்றுள் மிகவும் அபாயமானவை. பாரமான அத்துண்டுகள் தேனடை போன்ற அறைகளையுடைய இரண்டாம் இரைப்பையில் போய்த் தங்கும். அவ்விரைப்பை சுருங்கும்போதெல்லாம் கம்பியின் முனை அதன் சுவரைக் குத்தும். அதற்கு முன்புறத்தில் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் சவ்வும், அதனைக் கடந்தவுடன் இருதயத்தை மூடிய உறையும் இருக்கின்றன. சினை முதிர்ந்த காலத்திலும் கன்று ஈனும் காலத்திலும் வயிற்றின் நெருக்கத்தினால் கம்பி முன்னோக்கித் தள்ளப்படுவதும் உண்டு.

பால் திடீரென்று குறைதல், தீனியில் வெறுப்பு, அசைபோடாமை, முதுகை வளைத்து முழங்கைகளை அகற்றி நிற்றல், சரிவில் இறங்கத் தயங்குதல், படுக்கும்போது முனகுதல் ஆகியவை இதன் ஆரம்பக் குறிகள். இவை சில நாளில் தணிந்து, மாடு தேறிவிட்டதுபோல் தோன்றுவதும் உண்டு. குடியானவர் ஏமாந்துபோவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். உள்ளே கம்பி தன் வழியே போய்க்கொண்டிருக்கும். பிற்பாடு கழுத்து நரம்புகள் புடைத்து, தாடையின் கீழும் மார்பின் கீழும் நீர் கோத்துத் தொங்குமாயின், சீழ் இருதய உறையை எட்டிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளவேண்டும். அந்நிலையில் மிகச் சிறந்த நிபுணராலும் செய்யக்கூடியது சொற்பமே.

ஆரம்ப நாட்களிலோ சிகிச்சை பயங்கரமானதன்று. எக்ஸ்ரே படத்தினால் கம்பி இருக்குமிடம் தெரியவரும்; அல்ட்ராசவுண்டு கருவியினால் இருதய உறையில் நீர் சேர்ந்திருக்கிறதா என்பது விளங்கும். இடது விலாவை மாத்திரம் மரத்துப்போகச் செய்து, மாடு நின்றபடியிருக்கவே பெருவயிற்றைத் திறந்து, கையை உள்ளே செலுத்திக் கம்பியை எடுத்துவிட்டுத் தையல் போடுகிறார்கள். பிளாஸ்டிக் பைகள் உருண்டு அடைத்துக்கொண்ட மாட்டுக்கும் இதே வழியே அனுசரிக்கப்படுகிறது. ஆகவே, அதே மாடு, அதே கம்பி, அதே நிபுணர் என்றிருந்தும், போன நாள் ஒன்றே பலனை மாற்றிவிடுகிறது.

இது கம்பி விழுங்கிய மாட்டுக்கு மாத்திரம் பொருந்துவதன்று. ஈனும் நாள் வந்த எருமை வேதனைப்பட்டும் பனிக்குடம் தோன்றாதிருந்தால், கருப்பை முறுக்கிக்கொண்டதோ என்று சந்தேகிக்கவேண்டும். நாலு ஆட்கள் கூடிக் கன்றை இழுப்பது கருப்பையைக் கிழிப்பதில் முடியும். பழகிய மருத்துவர் எருமையை முறைப்படி உருட்டி முறுக்கை நீக்கக்கூடும். அது கைகூடாவிடில் வயிற்றைத் திறந்து கன்றை எடுக்கவேண்டும். முறுக்கிய கருப்பையில் இரத்த ஓட்டம் தடைப்படுவதனால், நேரம் ஆக ஆகத் தாய்க்கும் கன்றுக்கும் அபாயம் பெருகும். காளை தலையை அடிக்கடி உதறி, கொம்பை மரத்தில் தேய்த்து, அப்பக்கத்து மூக்கில் இரத்தங்கலந்த நீர் ஒழுகுமாயின், அது கொம்புப் புற்றாயிருக்கலாம். வேரோடு நீக்கும் சிகிச்சை, புற்று பரவுமுன் செய்தாலன்றிப் பயன்தராது. தோட்டத்தைக் காக்கும் பெட்டை நாய், பருவம் கழிந்த சில வாரங்களில் அதிகமாய்த் தண்ணீர் குடித்து, உண்ணாமல், வயிறு பெருத்துச் சோர்ந்திருந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கக்கூடும். "நாய்தானே" என்று விட்டுவிடுவது தகாது. பல வருஷம் காவல் இருந்த ஜீவனுக்கு அன்றைக்கே நிபுணரைக் காட்டுவது உடையவரின் கடமை.

நிபுணர் என்பவர் யார் என்னும் ஐயமும் சிலருக்கு உண்டு. கால்நடை மருத்துவப் பட்டம் பெறப் பயிற்சிக்காலம் உட்பட ஐந்தரை ஆண்டு செல்கிறது. அதன்மேல் ரண சிகிச்சையிலோ ஈனியல் சிகிச்சையிலோ மேற்பட்டம் பெற்று, அதே வேலையைச் செய்துவருகிறவரே நிபுணராவார். சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், 1985-இல் நாமக்கல்லிலும், 2012-இல் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் ஏற்பட்ட கல்லூரிகளிலும் இத்தகையோர் இருக்கின்றனர். இக்கல்லூரிகளைச் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் குடியானவர்களின் கால்நடைகளுக்குச் சிகிச்சை செய்யப்படுகிறது. உள்ளூர் மருத்துவர் அங்கே அனுப்புவது அவருடைய திறமைக் குறைவைக் காட்டாது. எக்ஸ்ரேயும் உதவியாட்களும் இல்லாத இடத்தில் வயிற்றைத் திறக்க மறுப்பவரே பொறுப்புள்ள மருத்துவர்.

செலவைக் குறித்த ஆட்சேபம் நியாயமானதே. வண்டி வாடகையும், கூடப்போகும் ஆளின் கூலியும், மருந்துச் செலவும் சிறு குடியானவருக்குப் பாரந்தான். ஆயினும் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் பலபேர் கைமருந்துக்கும் செலவிட்ட பணத்தோடு, இழந்த பாலையும் முடிவில் மாட்டின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், தாமதமே அதிகச் செலவு என்பது விளங்கும். எல்லா மாட்டுக்கும் கத்தி வைக்கவேண்டும் என்பதும் கருத்தன்று. பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு, செலவு என்ன, பிழைத்தபின் மாடு பாலுக்கோ உழவுக்கோ உதவுமா என்னும் மூன்றையும் நிபுணரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். சிகிச்சையினால் பயனில்லை என்று அவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்வதே விவேகம். வீண் செலவும் மாட்டின் வேதனையும் அதனால் குறையும்.

புறப்படுமுன் கவனிக்கவேண்டியவை சில. வயிறு உப்பிய மாட்டுக்கு வாய்வழியாக எண்ணெய் புகட்டலாகாது. அது நுரையீரலில் இறங்கினால் வேறொரு வியாதி உண்டாகும். நோவு தணிக்கும் ஊசியைத் தாமாகப் போட்டால் நோயின் குறிகள் மறைந்துவிடும். நோய் கண்ட தேதி, கொடுத்த மருந்துகள், சினை சேர்த்த தேதி, பால் குறைந்த அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சீட்டுடன் எடுத்துப்போகவேண்டும். வண்டியின் தளத்தில் வைக்கோல் தடிப்பாகப் பரப்பி, மாடு சறுக்காமற் பார்த்துக்கொள்வது அவசியம். புறப்படுமுன் ஆஸ்பத்திரிக்குச் செய்தி தெரிவித்தால், அங்கே ஆயத்தமாயிருக்க வசதிப்படும்.

கிராம நிர்வாக அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் இதில் செய்யக்கூடியது நிறைய உண்டு. அருகிலுள்ள மருந்தகம், கல்லூரி ஆஸ்பத்திரி ஆகியவற்றின் தொலைபேசி எண்களையும், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை அழைக்கும் 1962 என்னும் எண்ணையும் சாவடியிலும் பால் சொஸைட்டியிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். மாடு ஏற்றத்தக்க வண்டியுடையவர்களின் பெயரைக் குறித்துவைத்து, இராக்காலத்திலும் நியாயமான வாடகைக்கு வரும்படி ஏற்பாடு செய்யலாம். கட்டடவேலை முடிந்த இடத்தில் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி அகற்றியபின்பே மாடுகளை அவ்வழி விடவேண்டுமென்று ஊரார் கட்டுப்பாடு செய்துகொள்வதும் நலம். மருத்துவர் சீட்டு எழுதிய அன்றைக்கே மாட்டை வண்டியேற்றும் வழக்கம் ஒரு கிராமத்தில் நிலைபெறுமானால், கொட்டகையில் வீணே மடியும் மாடுகள் அவ்வூரில் குறையும் என்பதில் ஐயமில்லை.