கரையில் நிற்பவர்கள்



இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் விடுமுறையில் ஒரு வள்ளப் போட்டி நடைபெறுகிறது. டிவைசஸ் என்ற சிறு நகரில் தொடங்கும் இப்போட்டி, லண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தடியில் முடிகிறது. தூரம் 125 மைல், அதாவது ஏறக்குறைய 201 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போவதைவிடக் கூடிய தூரம். இயந்திரமோ பாயோ கிடையாது. துடுப்புப் போட்டே போய்ச் சேர வேண்டும். பெரியவர்கள் இருவர் இருவராகப் போகும் பிரிவில் இரவிலும் தங்காமல் ஒரே மூச்சில் போகிறார்கள். மற்றப் பிரிவுகளுக்கு அதே தூரத்தை 34, 36, 38, 17 மைல் என்று நான்கு நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

1948 ஆம் ஆண்டு டிவைசஸ் நகரின் சாரண இளைஞர்கள் சிலர், 100 மணித்தியாலத்துக்குள் வெஸ்ட்மின்ஸ்டர் போய்ச் சேர்வதாகச் சவாலை ஏற்று, 89 மணி 50 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அதிலிருந்துதான் இந்தப் போட்டி வளர்ந்தது. கொரோனா காரணமாக 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நடைபெறாமல், 2022 ஏப்ரலில் மீண்டும் நடந்தபோது நான் படிப்புக்காக ரெடிங் நகரில் இருந்தேன். போட்டி ரெடிங் ஊடாகத்தான் போகிறது. அங்கே ஒரு துடுப்புக் கழகத்தில் சேர்ந்து பழகிக்கொண்டும் இருந்தேன். வாவிக்கரையில் வளர்ந்தவளுக்குத் தண்ணீரைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஒருநாள் நானும் இதில் இறங்க வேண்டும் என்ற ஆசை வந்தது. கழகத்தில் இருந்த மூத்த பெண்மணி ஒருவரிடம் சொன்னேன். "முதலில் ஒருமுறை கரையில் நின்று பார். பிறகு பெயரைக் கொடு" என்றார். தன் காரிலேயே என்னைக் கூட்டிக்கொண்டும் போனார்.

பார்க்கப் போகும்போது என் கவனமெல்லாம் தோள், கை, துடுப்புப் பிடிக்கும் முறை என்பவற்றிலேயே இருந்தது. போட்டியின் முதற்பாதி கால்வாயில் நடக்கிறது. கால்வாய் மேட்டுநிலத்திலிருந்து படிப்படியாக இறங்குவதால், இடையிடையே தண்ணீரை மறித்துப் பெரிய கதவுகள் போட்டிருக்கிறார்கள். சாதாரண படகுகள் கதவுகளுக்கிடையே நின்று, தண்ணீர் ஏறி இறங்கும்வரை காத்திருந்து போகும். போட்டியாளர்களுக்கு அதற்கு நேரமில்லை. கரைக்குத் தாவி, வள்ளத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடி, கதவுகளைத் தாண்டி மறுபடி தண்ணீரில் இறங்குகிறார்கள். வழி நெடுக இப்படி 77 இடங்கள். குரொஃப்டன் என்ற ஊரில் மட்டும் ஒன்பது கதவுத் தொகுதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன.

அந்த இடங்களில்தான் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். ஒவ்வொரு வள்ளத்துக்கும் கரையில் ஆட்கள் நிற்கிறார்கள். தாய், கணவன், சிநேகிதி, மகன் என்று இரண்டு மூன்று பேர். அவர்கள் காரில் முன்னே போய்க் காத்து நிற்கிறார்கள். வள்ளம் தோளில் இருப்பதால் ஓடுபவர்களுக்குக் கை ஓயாது. ஆகவே கூடவே ஓடிக்கொண்டு வாயில் ஊட்டுகிறார்கள். வாழைப்பழத் துண்டு, இனிப்புத் தேநீர், எங்கள் புக்கை போன்ற அரிசிப் பாற்சோறு. நரைத்த தலையோடு ஒரு தாய், வளர்ந்த மகளுக்குக் கரண்டியால் ஊட்டியபடி ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அப்படிக் கரையில் நின்று கவனிக்க ஆளில்லாமல் இந்தத் தூரத்தைப் போக எண்ணுவது புத்தியல்ல என்று என்னைக் கூட்டிச் சென்றவர் சொன்னார்.

அன்றிரவு ரெடிங்கில், கால்வாய் தேம்ஸ் நதியோடு கலக்கும் இடத்தில் நின்றோம். ஏப்ரல் 16, சித்திரா பௌர்ணமி. நிலா நன்றாக இருந்தாலும் குளிர் எலும்பைத் தொட்டது. இருட்டில் வள்ளம் போவதைக் காணும்போது உங்களில் சிலரை நினைத்தேன். 1990களில் கிளாலிக் கடல்நீரேரியை நள்ளிரவில், பிள்ளையை மடியில் அமுக்கியபடி கடந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். இவர்கள் விரும்பி இறங்கியவர்கள். நீங்கள் விரும்பி இறங்கவில்லை. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன்.

அங்கே பெண்கள் இருவர் வந்த வள்ளம் கரை தட்டியது. ஒருவருக்கு உடம்பெல்லாம் நடுக்கம், பேச்சும் குழறியது. கரையில் நின்றவர்கள் ஈர உடுப்பை மாற்றி, போர்வையால் சுற்றி, காருக்குள் இருத்தினார்கள். அவ்வளவுதான், அவர்களுடைய போட்டி முடிந்தது. மற்றவர் தன் துடுப்பைத் துடைத்து வைத்துவிட்டுச் சிநேகிதியின் பக்கத்தில் போய் இருந்தார். "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமே" என்று ஒருவரும் கேட்கவில்லை.

விடிகாலையில் டெடிங்டன் போனோம். அங்கிருந்து கடைசி 17 மைலுக்குத் தேம்ஸ் நதி கடலின் வற்றுப்பெருக்குக்கு உட்பட்டது. வற்றத் தொடங்கும் நேரத்தில் வந்தால் நீரோட்டமே கொண்டுபோகும். பிந்தி வந்தால் ஓட்டம் எதிர்த்துத் தள்ளும். அதனால்தான் டிவைசஸில் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதையே டெடிங்டனைக் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். எவ்வளவு பலம் இருந்தாலும் தண்ணீர் திரும்பும் நேரத்தோடு சண்டை பிடிக்க முடியாது.

சகோதரிகளே, என் வேலை பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களோடு. "அவள் ஆம்பிளை மாதிரி நிண்டு தனிய சமாளிக்கிறாள்" என்று ஊரில் பாராட்டுவதை அடிக்கடி கேட்கிறேன். கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாராட்டுக் கிடைத்த வீட்டுக்கு அதன்பிறகு ஆள் வருவது குறைந்துவிடுகிறது. அவள்தான் தைரியசாலி ஆயிற்றே, அவளுக்கு என்ன குறை என்று அயலும் உறவும் விலகிக்கொள்கின்றன. அவளும் கேட்க மாட்டாள். கேட்டால் அந்தப் பெயர் போய்விடும் என்ற பயம். காய்ச்சலோடு கூலி வேலைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் ஒரு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கேட்க வெட்கப்பட்டே போனார்.

நல்ல பயிற்சியும் உடற்பலமும் உள்ளவர்களே வழியில் இன்னொருவர் கையால் உண்டுதான் அந்தத் தூரத்தைக் கடக்கிறார்கள். போட்டியில் இறங்குவதற்கு முன்பே, கரையில் யார் யார் நிற்பது என்று பேசி முடிவெடுத்துவிடுகிறார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

படிப்பு முடிந்து நான் ஊர் திரும்பிவிட்டேன். போட்டியில் சேரும் ஆசை இன்னும் இருக்கிறது. ஞாயிறு காலைகளில் வாவியில் துடுப்புப் பிடிக்கிறேன். பயணச்செலவு, விசா என்று எத்தனையோ தடைகள். ஆனால் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டேன். நான்கு நாள் பிரிவில் இறங்கினால் எனக்காகக் கரையில் நிற்பீர்களா என்று அங்குள்ள மூன்று பேருக்கு எழுதிக் கேட்டேன். கேட்பது எனக்கும் இலேசாக இருக்கவில்லை. இருவர் சம்மதித்திருக்கிறார்கள். மூன்றாமவர் தன்னால் இயலாது என்று எழுதினார். அதனால் எங்கள் நட்புக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

நீங்களும் இந்த மாதம் ஒரு தாளை எடுத்து, உங்களுக்காகக் கரையில் நிற்கக்கூடிய மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்க்க ஒருவர், வைத்தியசாலைக்குத் துணையாக வர ஒருவர், மனம்விட்டுப் பேச ஒருவர். அவர்களில் ஒருவரிடமாவது சிறிய உதவி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். மூன்று பெயர் வராவிட்டால், உங்கள் கிராமத்து மாதர் சங்கத்திலோ சமூக சேவை உத்தியோகத்தரிடமோ அதைச் சொல்லுங்கள். அதோடு, வேறொருத்தியின் தாளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள்.