முதலில் மானி, பிறகு வேகம்

கொல்லன் துருத்தியை ஊதும்போது அவன் கண் எங்கே இருக்கிறது? துருத்தியின் மீது அல்ல. உலையில் கிடக்கும் இரும்பின் மீது. இரும்பின் நிறத்தைப் பார்த்தே அவன் காற்றைக் கூட்டுகிறான்; குறைக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு ஊதினால் இரும்பு கெட்டுப் போகும்.

மோட்டார் காரின் என்ஜினுக்கும் இப்படி ஒரு துருத்தி உண்டு. டர்போ என்பது அதன் பெயர். என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், பலம் பெருகும். வீணாகப் போகும் புகையிடம் வேலை வாங்கும் இந்த யுக்திக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்து நாட்டு எஞ்சினீயர் ஆல்பிரட் பியூக்கி.

துருத்தி கிடைத்துவிட்டது. கண் எங்கே? அதுதான் நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி.

தொழிற்சாலையிலிருந்து வரும் டர்போ காரில் காற்றின் அமுக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தயாரித்தவர்களே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் சிலருக்கு அந்த வேகம் போதவில்லை. பட்டறைக்குப் போகிறார்கள். காரின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்றி, அமுக்கத்தை உயர்த்திக்கொண்டு வருகிறார்கள். பலத்துக்குப் பணம் கொடுத்தவர்கள், அந்தப் பலத்தை அளந்து காட்டும் பூஸ்ட் மீட்டரை மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவிடுகிறார்கள். இது விளக்கை ஏற்றாமல் இருட்டில் கிணற்றடிக்குப் போவது போன்ற காரியம்.

கணக்கைப் பாருங்கள். கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. மானியின் முள் 7-ஐத் தொட்டால், என்ஜினுக்குள் போகும் காற்றின் அமுக்கம் வெளியே உள்ளதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 15-ஐத் தொட்டால் இரண்டு மடங்கு! முள் சிறிதளவே நகர்கிறது. உள்ளே பிஸ்டன் தாங்கும் பாரமோ மிகப் பெரிது.

அமுக்கம் எல்லை மீறினால் என்ன ஆகும்? பெட்ரோல் என்ஜினில், தீப்பொறி மூட்டிய நெருப்பு ஒழுங்காகப் பரவி முடிவதற்குள், மீதியுள்ள கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்தது போன்ற அடி அது. அடிமேல் அடி விழுந்தால் பிஸ்டன் விரிசல் காணும், ஓட்டையும் விழும். சில விநாடிப் பெருமைக்கு விலை ஒரு முழு என்ஜின்!

அளவுக்கு மேல் அமுக்கம் ஏறாமல் தடுக்க வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு இருக்கிறது. பிரஷர் குக்கரின் குண்டு ஆவியை வெளியே விடுவதைப்போல, இது புகையை டர்போவின் பக்கம் போகாமல் திருப்பிவிடுகிறது. பல வண்டிகளில் அந்தக் கதவுக்குச் சேதி சொல்வது ஒரு சாதாரண ரப்பர் குழாய். அது கழன்றுவிட்டால் கதவு திறக்காது. அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். அப்போது ஓட்டுகிறவருக்கு என்ன தோன்றும்? "இன்று வண்டி பிரமாதமாக ஓடுகிறதே!" என்றுதான் தோன்றும். ஆபத்து ஆனந்தமாக வேடம் போட்டு வரும் நேரம் அது. உண்மையைச் சொல்ல அங்கே மானியைத் தவிர வேறு யாரும் இல்லை.

மானி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 1962-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் என்ற டர்போ காரை வெளியிட்டது. கூட்டிய அமுக்கம் சுமார் 5 பவுண்டுதான். என்ஜினைக் காக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்று கூடவே செலுத்தப்பட்டது. அது தீர்ந்தால் பலம் தானாகக் குறையும்படியும் ஏற்பாடு இருந்தது. ஆயினும், வாங்கியவர்களில் பலர் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். குறைகள் குவிந்தன. உற்பத்தி 1963-லேயே நின்றது. கடைசியில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்தித் தரவும் கம்பெனி முன்வர நேர்ந்தது. கருவி காவலன்தான், காவலன் கூவும்போது எஜமான் தூங்கினால் என்ன பயன்?

பந்தயக்காரர்களே இதை உணர்ந்தார்கள். பார்முலா ஒன் பந்தயத்தில் டர்போ அமுக்கத்துக்கு 1987-ல் 4 பார், 1988-ல் 2.5 பார் என்று வால்வு வைத்து வரம்பு கட்டினார்கள். 1989-ல் டர்போவையே விலக்கினார்கள். 2014-ல்தான் அது திரும்பி வந்தது. கைதேர்ந்த எஞ்சினீயர்களுக்கே வரம்பு வேண்டியிருந்தது என்றால், நமக்கு வேண்டாமா?

ஆகவே, காரை மாற்றியமைக்க நினைப்போருக்கு நாம் சொல்வது இதுதான். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அமுக்கத்தை உயர்த்துவதற்கு முன்பே மானியைப் பொருத்துங்கள். பெட்ரோல் வண்டியில், திராட்டிலைத் தாண்டி என்ஜினுக்குக் காற்று போகும் இடத்திலிருந்து அதற்குக் குழாய் எடுக்க வேண்டும். வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே, முள் எங்கே நிற்கிறது, எதுவரை ஏறுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு முள் அதைத் தாண்டினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்; காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை வேகம் வேண்டாம். முள் வழக்கமான இடத்துக்கு ஏறாவிட்டாலும் அலட்சியம் கூடாது. எங்கோ காற்று கசியலாம்.

இன்னொன்று. ஓட்டுகிறவர் கண் சாலையில் இருக்க வேண்டும். எல்லை மீறினால் விளக்கோ மணியோ எச்சரிக்கும் மானியாகப் பார்த்து வாங்குவதே நலம். உச்ச அமுக்கத்தைச் சோதிக்க வேண்டிய இடம், பட்டறையில் உருளைமேல் நிறுத்திச் சோதிக்கும் டைனோ மேடை. குழந்தைகளும் முதியவர்களும் நடக்கும் பொதுச் சாலை அல்ல.

கொல்லனுக்கு உலை திறந்திருக்கிறது. நெருப்பின் நிறம் தெரிகிறது. காரோட்டிக்கோ உலை இரும்புச் சுவருக்குள்ளே எரிகிறது. அதைப் பார்க்க அவருக்கு உள்ள கண் அந்தச் சிறு முள் ஒன்றே. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு துருத்தியை ஊத வேண்டாம்.