டிவிக்கு போர்வை, டைல்ஸ் அண்ணனுக்கு துண்டு

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனால், ஹாலில் பழைய மொசைக்கை பேர்த்துவிட்டு டைல்ஸ் போட்டுக் கொண்டிருந்தார்கள். மூணு நாள் வேலை என்றார்கள், எட்டு நாள் ஆனது (அதற்குத் தனிப் பதிவே போடலாம்). அம்மா பழைய சேலைகளை எடுத்து எல்லாவற்றையும் மூடியிருந்தார். டிவிக்கு மட்டும் ஸ்பெஷலாக ரெண்டு போர்வை. அப்படியும் அரிசி டிரம்முக்குள் தூசி, சாமி படத்தில் தூசி, இட்லித் தட்டில் தூசி. அப்பத்தாவுக்கு வீசிங் வந்து, சித்தப்பா வீட்டுக்கு அனுப்பி வைத்தோம்.

"வீட்டு வேலைன்னா தூசி வரத்தான் செய்யும். கடைசில ஒரே கூட்டா கூட்டிக்கலாம்" என்றார் அப்பா. இதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

துடைப்பத்துக்கு சிக்குவது பெரிய தூசி. அது பாவம், தானாகவே கீழே விழுந்துவிடும். டைல்ஸ், கிரானைட், சிமென்ட் கலவையில் இருக்கும் மணல் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. மெஷினில் காய வைத்து அறுக்கும்போது அது சில மைக்ரான் அளவுக்குப் பொடியாகிறது. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்! அந்தப் பொடி மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நுரையீரலின் அடி ஆழம் வரை போகும். சேலை நெசவெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை. காய்ந்த துடைப்பத்தால் கூட்டினால் திரும்பவும் மேலே எழும்பும். ஃபேனைப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

எங்களுக்கு எட்டு நாள். டைல்ஸ் போடும் அண்ணனுக்கு? அவர் இருபது வருஷமாக இதே வேலை பார்க்கிறார். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997லேயே இந்தத் தூசியை புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது. இதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தே இல்லை. கொரோனா சமயத்தில் வாங்கி மிச்சமிருந்த என்95 மாஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். அரைமணி நேரம் போட்டிருந்தார். "வேர்க்குது தம்பி, மூச்சு முட்டுது" என்று கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டார். மதுரை மே மாத வெயிலில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தூசியை அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். அதற்குத் தண்ணீர்தான் வழி. கையில் பிடித்து அறுக்கும் மார்பிள் கட்டர்கள் பலவற்றில் தண்ணீர்க் குழாய் மாட்ட வசதி இருக்கிறது. (அந்த வசதி இல்லாத மெஷினில் தண்ணீர் ஊற்றி விளையாடாதீர்கள், ஷாக் அடிக்கும். வசதி இருந்தாலும் வீட்டில் ஈ.எல்.சி.பி. அவசியம்.) அறுப்பதையும் கொல்லைப்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

"ஏண்ணே அப்படிச் செய்யறதில்ல?" என்று அவரிடமே கேட்டேன். சிரித்தார். சதுர அடி கணக்கில்தான் கூலி. ஒவ்வொரு கல்லையும் கொல்லைக்குத் தூக்கிப்போய், தண்ணி விட்டு அறுத்து, துடைத்துக் கொண்டுவந்தால் நாளைக்குப் பாதி வேலைதான் ஓடுமாம். அந்த நஷ்டம் அவருடையது. ஆக, பத்து ரூபாய்க்கு பேரம் பேசி ரேட்டைக் குறைத்தபோதே நாங்கள் தூசியை வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டோம். கொல்லையில் அறுக்க தனியாக இவ்வளவு என்று முதல் நாளே பேசியிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் சமையலறை வேலை. அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றிருக்கிறார். அப்பத்தா இன்னும் சித்தப்பா வீட்டில்தான் இருக்கிறார்.