கணினியின் வேகமும் சொல்லின் வாய்மையும்

தமிழாசிரியன் ஒருவன் கணினியைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு நகையை விளைக்கலாம். எனினும், ஒரு சொல் தான் குறிக்கும் பொருளை நேரே உணர்த்துகின்றதா என ஆராய்தல் தமிழாசிரியன் கடனேயாம். அக்கடன் பற்றியே இதனை எழுதத் துணிந்தேன்.

சென்ற தவணையில் மாணவன் ஒருவன் தன் மடிக்கணினியைக் கொணர்ந்தான். அதில் இயங்கியது லினக்ஸ். 1991 ஆம் ஆண்டிலே பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்து, இன்று உலகத்தார் பலர் கூடி வளர்த்துவரும் பணிசெயல் முறைமை. முறைவழியாக்கியின் வேகத்தை ஆளும் சாளரம் ஒன்றைத் திறந்து காட்டினான். அதிலே 'பவர்சேவ்' என்றிருந்ததாம். தன் கணினி எந்நாளும் மந்தமாகவே ஓடுகின்றதென அஞ்சி, 'பெர்போமன்ஸ்' என மாற்றிவிட்டான். அன்றுதொட்டு விசிறி மிகுதியாக இரைந்தது. பற்றரியும் விரைந்து இறங்கிற்று.

அவன் செய்த பிழை யாது? சொல்லை நம்பியதே.

முறைவழியாக்கி எந்நேரமும் ஒரே வேகத்தில் ஓடவேண்டியதன்று. வேகம் குறையின் மின்னழுத்தத்தையும் குறைத்தல் கூடும். செலவாகும் வலுவோ வேகத்தோடு மட்டுமன்றி அழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறியிறங்குவது. ஆதலின் வேகத்தைச் சிறிது தணித்தாலும் வெப்பம் பெரிதும் தணியும். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது எனத் தீர்மானிக்கும் விதியை லினக்ஸில் 'கவர்னர்' என்பர். வேலையின் பளுவுக்கேற்ப வேகத்தை மாற்றும் 'ஒன்டிமாண்ட்' 2004 இல் வந்தது. 'ஷெட்யூட்டில்' 2016 இல் வந்தது.

இனி, 'பவர்சேவ்' என்னும் பெயருக்கு வருவோம். பழைய முறையில் அது முறைவழியாக்கியை மிகக் குறைந்த வேகத்திலேயே நிறுத்திவைப்பது. ஆனால் இன்டெல் முறைவழியாக்கிகளுக்கென 2013 இல் சேர்க்கப்பட்ட 'இன்டெல் பிஸ்டேட்' என்னும் இயக்கியின்கீழ், அதே பெயர் பளுவுக்கேற்ப ஏறியிறங்கும் விதியைக் குறிக்கும். ஒரு பெயர், இருவேறு ஒழுக்கம்! சாளரமோ பெயரை மட்டும் காட்டி வாளாவிருக்கின்றது. மாணவன் மயங்கியதில் வியப்பென்ன?

இவ்வகைக் கருவிகள் இரு திறத்தன. ஒன்று, 2021 இல் குனோம் மேசைத்தளத்திற் சேர்ந்ததுபோல, முழுவேகம், சமநிலை, சிக்கனம் என மூன்று தெரிவுகளை மாத்திரம் தருவது. மற்றொன்று, 'சிபியூபவர் ஜீயூஐ' போல, ஒவ்வொரு கருவுக்கும் மேலெல்லை, கீழெல்லை, கவர்னர் என்பவற்றைத் தனித்தனியே அமைக்கவிடுவது. முன்னையது அலுவலகத்தார்க்குச் சாலும், அதனைக் குறைகூறேன். பின்னையது கல்விச்சாலைக்கு உரியது. ஆயினும், எல்லையையும் பெயரையும் காட்டுதல் மாத்திரம் போதாது. இக்கணத்தில் முறைவழியாக்கி ஓடும் உண்மையான வேகமும் அப்பெயரின் அருகே நிற்றல் வேண்டும். அந்த எண்ணைக் கண்டிருந்தால் நம் மாணவன் ஏமாந்திரான்.

"எல்லாம் தானே நடக்கும், மாணாக்கர்க்கு இவ்வறிவு எதற்கு?" என்பாருமுளர். குறைந்த வேகமே எப்போதும் சிக்கனமென்று நினைப்பதும் பிழையே. பெருவேலை நெடுநேரம் நீடிப்பின் திரையும் பிறவும் அவ்வளவு நேரமும் மின்னை உண்ணும். இதனை உணர்ந்து தெரிபவனே கருவியை ஆள்பவன். உணராதவனைக் கருவி ஆளும்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய மென்பொருள்களின் மூலநிரல் மறைக்கப்பட்டதன்று. அவற்றின் சொற்களைப் பன்மொழிகளிற் பெயர்ப்போருட் பலர் ஊதியம் கருதாத் தொண்டர்; தமிழிற் பெயர்ப்போரும் அவருள் உளர். உங்களுள் பொறியியல் வல்லார் பலர். தமிழ் கற்றாரும் பலர். இருசாராரும் ஒருங்கிருந்து, மயக்கந்தரும் பெயர்க்கருகே ஒரு வரி விளக்கமேனும் நல்ல தமிழில் எழுதி அம்மென்பொருளை ஆக்குவோர்க்கு அனுப்புவீராயின், அது கல்லூரித் தாய்க்கு நீவிர் சூட்டும் யூபிலி மாலையாகும். கட்டடம் எழுப்பப் பெரும்பொருள் வேண்டும். ஒரு சொல்லைத் திருத்த அறிவும் அன்பும் அமையும்.