"சுப்பன்" நம்மவரா?

ஐஸ் ஹொக்கி ஆட்டத்தின் பழைய ஒளிப்பதிவுகளைப் பார்க்கும் எங்கள் பிள்ளைகள், ஒரு வீரரின் சட்டை முதுகிலுள்ள பெயரைக் கண்டதும் "இவர் தமிழரா?" என்று கேட்பதுண்டு. ஆங்கில எழுத்துக்களை நாம் வாசித்தால் "சுப்பன்" என்றுதான் வரும். சரியான உச்சரிப்பு "சூபான்". பி.கே. சூபான் தமிழரல்லர். தகப்பன் ஜமெய்க்காவிலிருந்தும் தாய் மொன்செராற் தீவிலிருந்தும் கனடாவுக்கு வந்தவர்கள். ஆனாலும் எங்களைப் போலக் குடியேறிய ஒரு குடும்பத்தின் பிள்ளை என்பதால், அவர் முன்னுக்கு வந்த கதையை இம்முறை சொல்ல விரும்புகிறோம்.

தகப்பன் கார்ள் 1970இல் சிறுவனாக ஒன்ராறியோவின் சட்பரி நகருக்கு வந்தார். பிரெஞ்சு மொழி பேசும் அயலவர் மத்தியில் வளர்ந்து, மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் ரசிகரானார். பின்னர் ஆசிரியராகி ரொறன்ரோவில் பாடசாலை அதிபராகவும் கடமையாற்றினார். 1989 மே 13இல் பி.கே. பிறந்தார். இரவு வேலையும் முடித்துக் களைத்து வந்தாலும், கார்ள் சின்ன மகனை நகர மண்டபத்தின் முன்னாலுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்குக் கூட்டிச் சென்று சறுக்கப் பழக்குவார். அங்கே கட்டணம் இல்லை.

ஹொக்கியில் ஒரு அணிக்கு ஆறு பேர் களத்தில் நிற்பார்கள்: கோல் காப்பாளர், முன்வரிசையில் மூவர், பின்வரிசையில் இருவர். சூபான் பின்வரிசைக்காரர். எதிரியைத் தடுப்பதே முதல் வேலை. அவரோ "பக்" எனும் வட்டைத் தானே முன்னே கொண்டு ஓடும் துணிச்சல்காரர். இடையில் பறிகொடுத்தால் சொந்தக் கோலுக்கே ஆபத்து.

2005இல் ஒன்ராறியோ இளையோர் லீக்கின் பெல்வில் அணி அவரை ஆறாவது சுற்றில்தான் தெரிவு செய்தது. 2007இல் தேசிய ஹொக்கி லீக்கின் தெரிவில் 42 பேர் அவருக்கு முன்னால் அழைக்கப்பட்டனர். 43ஆவதாக அவரை எடுத்தது, தகப்பனுக்குப் பிடித்த அதே மொன்றியல் அணி!

ஆனால் உடனே களமிறக்கவில்லை. மேலும் இரண்டு பருவங்கள் பெல்விலிலேயே ஆடினார். 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் உலக இளையோர் போட்டியில் கனடாவுடன் தங்கம் வென்றார். பின்னர் கீழ்நிலை லீக்கில் ஹமில்ற்றன் அணிக்காக 77 ஆட்டங்களில் 53 புள்ளிகள் பெற்றார். 2010 பெப்ரவரி 12இல் மொன்றியலுக்காக முதல் ஆட்டம். இரண்டே ஆட்டங்களின் பின் திரும்பவும் ஹமில்ற்றன். ஏப்ரலில் இறுதிச் சுற்றுகள் நடக்கும்போது மீண்டும் அழைப்பு வந்தது. 14 ஆட்டங்களில் 8 புள்ளிகள் பெற்றார்.

இனி எல்லாம் சுகமே என்று நினைத்தால், அந்த டிசம்பரில் பயிற்சியாளர் அவரை மூன்று ஆட்டங்களுக்கு வெளியே இருத்தினார். அவர் சோர்ந்துவிடவில்லை. 2011 மார்ச் 20இல் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்டார். மொன்றியல் அணியில் முதல் பருவம் ஆடிய பின்வரிசைக்காரர் எவரும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. 2013இல் லீக்கின் சிறந்த பின்வரிசைக்காரருக்கான நொறிஸ் விருது கிடைத்தது. 2022இல் ஓய்வு பெற்றார்.

"விளையாட்டா, படிப்பா?" என்ற சண்டை எங்கள் வீடுகளில் ஓயாதது. ஒரு பாடசாலை அதிபரின் வீட்டில் இரண்டுக்கும் இடம் இருந்தது. பி.கே.யின் தம்பிமார் இருவரும் தேசிய லீக் அணிகளால் தெரிவு செய்யப்பட்டார்கள். அக்காமார் இருவரும் ஆசிரியைகள்.

எல்லாப் பிள்ளைகளும் சூபான் ஆகப் போவதில்லை. அணியில் சேர்ப்பதற்குச் செலவும் அதிகம். ஆனால் சறுக்கப் பழகுவதற்குப் பாவித்த சறுக்குச் சப்பாத்தும் தலைக்கவசமும் போதும். குளிரென்று பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல், இந்த மாரியில் ஒரு நாளாவது பொதுத் திடலுக்குக் கூட்டிச் செல்லுங்கள். விழுந்தால் கைகொடுக்க நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.