அறுபதில் ஒரு பங்கு நொடி

மறைந்த மூத்த எழுத்தாளர் ஒருவருக்கு அஞ்சலிக் கட்டுரை எழுத அமர்ந்தபோது, அதனோடு சேர்க்க ஒரு படம் தேடினோம். அவர் கடைசியாக உரையாற்றிய கூட்டத்தில் எங்களில் மூவர் கேமராவோடு இருந்தோம். படங்களுக்குக் குறைவில்லை, பயன்படக்கூடியதாக ஒன்றுகூட இல்லை. தலையை அசைத்து அசைத்துப் பேசுகிறவர் அவர். முக்காலியில் நிறுத்தி எடுத்த படங்களில், பின்னாலிருந்த பதாகையின் எழுத்துகள் துல்லியமாக இருந்தன. அவர் முகமிருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல் மட்டும் இருந்தது.

கேமராவைக் குறை சொல்லித் தப்பிக்கப் பார்த்தோம். படக்கோப்பின் விவரங்கள் வேறு கதை சொல்லின: அபெர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் வேகம் 1/8 நொடி. குழல்விளக்குகள் மங்கலாக எரிந்த அரங்கில், தானியங்கி முறையில் இருந்த கருவி தன் கணக்கைப் பிழையின்றியே போட்டிருந்தது. அது அறிந்தது ஒளியின் அளவை. அங்கே ஒரு மனிதர் அசைந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை அறிந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஒளிப்பதிவின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று: ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, லென்ஸின் துளை எவ்வளவு விரிந்திருக்கிறது, உணரியிலிருந்து வரும் சமிக்ஞை எவ்வளவு பெருக்கப்படுகிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுகட்டலாம். ஐஎஸ்ஓ 400இல் 1/8 நொடி கேட்கும் அதே வெளிச்சம், 800இல் 1/15, 1600இல் 1/30, 3200இல் 1/60 நொடியில் அடங்கிவிடும். ஒவ்வொரு படியிலும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிறது, அவ்வளவுதான் கணக்கு. 1/60இல், பேசுகிறவர் ஒரு கணம் நிதானிக்கும்போது அழுத்தினால் முகம் நிற்கும். 1/125 கிடைத்தால் இன்னும் நல்லது. விலையாகப் படத்தில் புள்ளிகள் கூடும். கூடட்டுமே! புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் காணலாம். கலைந்த முகத்தை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது. முக்காலியும் லென்ஸின் அதிர்வுநீக்கியும் நம் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும், எதிரில் இருப்பவரின் அசைவை அல்ல.

1838இல் தாகேர் எடுத்த பாரிஸ் நகரத் தெருவின் படம் பலரும் அறிந்ததே. நடமாட்டம் மிகுந்த அந்தத் தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளிப்பதிவுக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டதால், நடந்தவர்களும் வண்டிகளும் தடமின்றி மறைந்தார்கள். காலணிக்கு மெருகிடச் சொல்லி ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாக எஞ்சினார். யார் படத்தில் தங்குவது, யார் மறைவது என்பதை நேரத்தின் அளவு முடிவு செய்தது. தாகேருக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது, இருந்தும் அந்த முடிவைக் கருவியிடம் ஒப்படைத்துவிடுகிறோம் என்பதே எங்கள் ஆதங்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமராவின் ஒளிமானி, எதிரில் உள்ள காட்சி சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற அனுமானத்தில் இயங்குவது. நம் எழுத்தாளர்கள் பலர் கருத்த முகமும் வெள்ளைச் சட்டையுமாக மேடையேறுகிறவர்கள். சட்டத்தில் வெள்ளைச் சட்டை நிறைந்திருந்தால், கருவி அதைச் சாம்பலாக்க முனைந்து முகத்தை இருட்டில் தள்ளும். பின்னால் கறுப்புத் திரை இருந்தாலோ, திரையை வெளுப்பாக்கும் முயற்சியில் முகத்தை வெளிறச் செய்யும். ஒளித்திருத்தப் பொத்தானை முன்னதற்கு ஒரு படி கூட்டியும் பின்னதற்கு ஒரு படி குறைத்தும் பார்த்தால் முகம் தன் நிறத்துக்குத் திரும்பும்.

எல்லாவற்றையும் உறைய வைப்பதே நல்ல படம் என்று நாங்கள் வாதிடவில்லை. பறையடிப்பவரின் கைகள் 1/15 நொடியில் கலைந்து தெரிவதில்தான் அடியின் வேகம் இருக்கிறது. 1/1000இல் அந்தக் குச்சி காற்றில் மாட்டிய ஆணிபோல் நிற்கும். தெளிவும் கலைவும் எடுப்பவரின் தேர்வாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் கட்சி. இன்றைய கைபேசிகள் பல சட்டகங்களைக் கணத்தில் இணைத்து இருட்டை வெளிச்சமாக்குகின்றன. அவற்றிலும் அசைகிற முகம் சிக்கலே. ஷட்டர் வேகத்தை நாமே குறிக்கும் வசதி பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களிலும் கைபேசிகள் பலவற்றிலும் இருக்கிறது.

ஒரு சொல்லுக்காகப் பத்தி பத்தியாகச் சண்டையிடுகிற நமக்கு, அறுபதில் ஒரு பங்கு நொடியைப் பற்றிக் கவலைப்படக் கற்றுக்கொள்வது அப்படியொன்றும் கடினமில்லை. அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் அமர்பவர்கள், பேச்சு தொடங்கும் முன் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

அந்த அஞ்சலிக் கட்டுரை படமில்லாமலே வெளிவந்தது.